வால் சரி

"சின்னவன் பேசுறேன். வயசு இருபத்து மூணு. இருக்கிறது ஆறாவது மாடி, இன்ஜின் ஐயா வீடு, அடுப்படி."

வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு சேதியையும் அவன் இப்படித்தான் தொடங்குவான். இந்த ஊருக்குப் பிழைக்க வந்த இரண்டு வருஷத்தில் அவன் நிரப்பிய படிவங்களுக்கு அளவே இல்லை. பெயர், வயது, தற்போதைய முகவரி என்று எழுதி எழுதி, பெற்ற தாயிடம் பேசும்போதுகூட அந்த மூன்றையும் ஒப்பிக்காமல் வாய் திறக்க வரவில்லை. விரலால் தட்டினால் எழுதுவதும் அழிப்பதுமாகப் பொழுது போய்விடும் என்பதால் போனிடம் பேசிவிடுவான், அது எழுத்தாக்கிக்கொள்ளும். "என்ன கொழுந்தனாரே, போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் கொடுக்கிற மாதிரியே ஆரம்பிக்கிறீங்க?" என்று அண்ணி கிண்டல் செய்வாள். செய்யட்டும். கடுகளவு விஷயத்துக்கே நெஞ்சு படபடக்கிற ஆளுக்கு, தான் யார், எங்கே இருக்கிறோம் என்று உறுதிப்படுத்திக்கொள்வதில் ஒரு தெம்பு இருக்கத்தான் செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அவ்வளவுதான் பேசியிருந்தான். கூடத்திலிருந்து கைத்தடி இரண்டு முறை தரையைத் தட்டியது. பத்து மணி ஆகப்போகிறது என்று அர்த்தம். போனை அணைத்துவிட்டு ஓடினான்.

அவன் கூடவே தங்கிக் கவனித்துக்கொள்ளும் இன்ஜின் ஐயா ஜன்னலோர நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றேழு வயது. மற்ற நாட்களில் லுங்கியோடு இருப்பவர் ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொள்வார். போர்க்காலத்தில் ஏழு பேர் போகும் குண்டு விமானத்தில் நான்கு இன்ஜின்களையும் கவனித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. விமானத்துக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆள் உட்கார்ந்த இடம்தான் அவன் பெயர். வரைபடத்தைப் பார்த்துத் திசை சொல்பவன் வழி. மேலே கண்ணாடிக் கூண்டில் துப்பாக்கியோடு இருப்பவன் முதுகு. கடைக்கோடியில், பின்னால் வரும் எதிரியைப் பார்த்தபடி தன்னந்தனியாகக் குந்தியிருப்பவன் வால். அவ்வளவு உயரத்தில் வெறும் காற்றை இழுத்து உயிர் வாழ முடியாது. ஆளுக்கொரு ஆக்சிஜன் குழாய். குழாய் மடங்கினாலோ உறைந்தாலோ அவனுக்கே தெரியாது. சுகமாகத் தூக்கம் வரும், தூங்கினால் எழுந்திருக்க மாட்டான். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விமானத்தை ஓட்டும் கேப்டன் இன்டர்காமில் வரிசையாகக் கூப்பிடுவார். வழி? வழி சரி. முதுகு? முதுகு சரி. வால்? வால் சரி.

போர் முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு ஊரில் கல்யாணம் கட்டி, கடை வைத்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் கேப்டன் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பத்து மணிக்கு, தொலைபேசியில் கூப்பிடுவார். நலம் விசாரிப்பு, ஊர்க்கதை எதுவும் கிடையாது. சரி என்றால் சரி, வைத்துவிடுவார். அவர் போன பிறகு அந்த வேலை இன்ஜினுக்கு வந்தது. இப்போது மிச்சம் மூன்றே பேர். இன்ஜின் ஐயாவுக்கு ஒரு காது அடியோடு போய்விட்டது. மற்றதில் வாயை வைத்துக் கத்தினால் கேட்கும். போனில் வருவது ஒன்றும் விழாது. ஆகவே இரண்டு வருஷமாகக் கேட்பவன் சின்னவன்தான். அவன் போனில் கேட்பான், பதில் வந்ததும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக் காதில் சொல்வான். ஐயா கண்ணை மூடித் தலையசைப்பார்.

"வழி?" என்றான் சின்னவன்.

"வழி சரி. மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு அவனை" என்றார் வழி. முன்னூறு மைல் தள்ளி இருந்துகொண்டு இந்த ஊர் மழையைச் சொல்வார். இந்த ஒரு மீறலை மட்டும் அவர் வாடிக்கையாகவே வைத்திருந்தார்.

சின்னவன் கட்டை விரலைத் தூக்கினான். அடுத்து வாலின் எண்ணைத் தட்டினான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் தட்டினான். மணி போனது. வால் இதே ஊரின் மறுகோடியில் தனியாக இருக்கிறவர். முதல் மணியிலேயே பாய்ந்து எடுக்கிறவர். மூன்றாம் முறையும் யாரும் எடுக்கவில்லை.

ஐயாவின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடிப்பதை அவன் பார்த்தான். போன மாதம் வழி எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானதற்கே ரத்தக் கொதிப்பு எகிறி, டாக்டர் வந்து, ஐயாவின் மகள் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்து, "தம்பி, அப்பாவைப் பதற விடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று கேட்டது அவன் காதில் ஒலித்தது. குளிக்கப் போயிருப்பார். அரை மணி கழித்துக் கூப்பிட்டால் எடுத்துவிடுவார். எதற்கு வீணாக?

கட்டை விரலைத் தூக்கினான். குனிந்து, கேட்கிற காதில், "வால் சரி" என்றான்.

ஐயா மூச்சை விட்டார். "இன்ஜின் சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் கதை எழுதும் வேலை. இது மகள் செய்த ஏற்பாடு. "அப்பா சொல்றதை எல்லாம் எழுதி வெச்சுடு தம்பி, பேரப்பிள்ளைங்க படிக்கட்டும்" என்றிருந்தாள். ஐயாவின் பல்செட் ஆடுவதால் அவர் பேச்சைப் போன் பிடித்துக்கொள்ளாது. அவர் ஒரு வரி சொல்ல, சின்னவன் அதை அப்படியே போனிடம் திருப்பிச் சொல்வான். ஆக, அவன் ஆயுளில் ஏறியிராத விமானத்தில் 'நான்' ஏறினேன், 'நான்' பறந்தேன் என்று பதினெட்டு முறை பறந்தாகிவிட்டது. ஐயாவிடம் ஒரு பறப்பு நோட்டு இருந்தது. அந்த வரிசைப்படிதான் சொல்வார், முன்னே பின்னே தாவ மாட்டார். வேடிக்கைக் கதைகளும் உண்டு. உயர் அதிகாரியின் இருமலை ஐயா அச்சாக இருமிக் காட்ட, உண்மை அதிகாரியே வந்துவிட்டார் என்று மொத்தச் சாப்பாட்டுக் கூடமும் எழுந்து நின்ற கதையை அவன் வீட்டுக்கும் அனுப்பியிருந்தான். ஆனால் ஒவ்வொரு பறப்பிலும் ஓர் இடத்தில் ஐயா, "கீழே ஊர் எரிஞ்சுது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவனும் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, அவர் ஜன்னலை விட்டுத் திரும்பும் வரை காத்திருப்பான்.

இன்று பத்தொன்பதாவது பறப்பு. ஐயா நோட்டைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அந்த இடைவெளியில் சின்னவன் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் வாலைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. திரும்பி வந்தான்.

"முதுகும் நானும் ஒரே அறை" என்றார் ஐயா. "ஒரே சோப்பு. அவன் மூக்கால பேசுவான். அவனைப் போல நான் பேசினா அவங்க அம்மாவே ஏமாந்துபோவாங்க."

சின்னவன் திருப்பிச் சொன்னான்.

"ரெண்டு தடவை அவன் கூண்டுல தூங்கிட்டான். கேப்டனுக்குக் கோபம். இன்னொரு தடவை பதில் வரலைன்னா உன்னை இறக்கிடுவேன்னுட்டார்."

திருப்பிச் சொன்னான்.

"அன்னைக்கு, திரும்பி வர்ற வழியில கேப்டன் 'முதுகு?'ன்னார். சத்தமே இல்ல. பாவி, மறுபடியும் தூங்கிட்டான்னு நினைச்சேன். மாட்டிக்கக் கூடாதேன்னு, அவனை மாதிரியே மூக்கால, 'முதுகு சரி'ன்னு நான்தான் சொன்னேன்."

சின்னவன் வாயைத் திறந்தான். "நான்தான்" என்றான். அடுத்த வார்த்தை வரவில்லை. போனில் அந்தச் சின்னக் கோடு மின்னிக்கொண்டே காத்திருந்தது. ஐயா அவன் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"அடுத்த தடவை கூப்பிட்டப்பவும் சத்தமில்ல. அப்பதான் எழுந்து போய்ப் பார்த்தேன். குழாயில ஐஸ் அடைச்சிருந்தது. அவன் தூங்கலை தம்பி. இறங்கினதும் கேப்டன்கிட்ட சொல்லிட்டேன். அடிப்பார்னு நினைச்சேன். 'இனிமே அவனவன் வாயால'ன்னார். அவ்வளவுதான்." சற்றுக் கழித்து, "எழுதிட்டியா?" என்றார்.

எழுதவில்லை. பேச்சு நின்றதால் போன் தானாகவே அணைந்து போயிருந்தது. சின்னவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். பால் பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது. வாலை மறுபடியும் கூப்பிட்டான், மறுபடியும், மறுபடியும். மணி போகும் ஓசையைக் கேட்கக் கேட்க அவன் மனம் வழக்கம்போல நீதிமன்றம் கட்டி, நீதிபதியை உட்கார வைத்து, தனக்குத் தண்டனையும் வாங்கிக் கொடுத்து, பெட்டியோடு ஊர் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அம்மா வாசலில் நின்று ஏன்டா வந்துட்டே என்கிறாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. எங்கேயாவது வெளியே போயிருப்பார். ஆனால் 'தூங்கிட்டான்னு நினைச்சேன்' என்பதும் அப்படித்தானே தோன்றியிருக்கும்? அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, ஐயாவின் முன்னால் மண்டியிட்டு, கேட்கிற காதில் சொன்னான்.

"ஐயா, வால் சொல்லலை. போனே எடுக்கலை. நான்தான் சொன்னேன்."

ஐயா அவனைத் திட்டவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஏழு நிமிஷம்."

"என் செருப்பை எடு" என்றார்.

அனுமதியில்லாமல் அவரை வெளியே கூட்டிப்போகக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட விதி. மகளுக்குப் போன் செய்தான். மருந்துக்கடையில் ஞாயிறு ஷிப்ட், எடுக்கவில்லை. "அக்கா, ஐயாவோட வால் வீட்டுக்குப் போறேன், தப்பு என்னுது" என்று பேசி அனுப்பினான். சக்கர நாற்காலியை லிப்டில் திணித்து, கீழே இறக்கி, டாக்சி பிடித்தான். டாக்சியில் இருந்தபடியே ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அடித்தான்.

"நோயாளிக்கு என்னங்க?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"தெரியலைங்க. போன் எடுக்க மாட்டேங்கிறார்."

"போன் எடுக்காதது ஒரு வியாதி இல்லைங்களே. போய்ப் பார்த்துட்டுக் கூப்பிடுங்க."

அடுத்து வழிக்கு அடித்தான். விஷயத்தைக் கேட்டதும் வழி எந்தச் சாலையில் போகிறார்கள் என்று விசாரித்தார். பிறகு, "ஸ்பீக்கர்ல போடு. டிரைவர்கிட்ட பாலத்து மேல ஏற வேண்டாம்னு சொல்லு. பாலத்துக்குக் கீழே இடது பக்கம்" என்றார்.

டிரைவர் தொப்பை பெருத்த, வெற்று வாயை மென்றுகொண்டேயிருக்கும் மனிதர். "போன் மேப்ல பாலத்து மேலதான் காட்டுது. யாருங்க இவர்?"

"வழிங்க."

"எனக்கே வழி சொல்றாரா?"

"ஞாயித்துக்கிழமை பாலத்து மேல சந்தைக்குப் போற வண்டி நிக்கும். இடது!" என்று போன் கத்தியது.

டிரைவர் முனகிக்கொண்டே இடது பக்கம் திருப்பினார். பாலத்தின் கீழே சாலை காலியாகக் கிடந்தது. மேலே வரிசையாக லாரிகள் நின்றன. "பெரிய ஆளுதான் போங்க" என்றார் டிரைவர். அதன் பிறகு வழி சொன்ன பக்கமெல்லாம் எதிர்ப்பேச்சு இல்லாமல் திருப்பினார்.

ஐயா ஒருமுறை கடிகாரம் இல்லாத தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சின்னவன் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தான். அந்த உரிமை இப்போது தனக்கு இல்லை என்று பட்டது.

வாலின் வீடு பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளம். மணியடித்தும் திறக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தாள். "நேத்து சாயங்காலம் பார்த்தேன். காலையில பார்க்கலையே. போன் அடிச்சுக்கிட்டே இருந்தது, வழக்கமா வர்ற போனுன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, அவர் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியைத் தேடி எடுத்து வந்தாள். அவள் சாவியைத் திருகிய அந்த நேரம் சின்னவனுக்குப் பத்தொன்பது பறப்புகளையும்விட நீளமாக இருந்தது.

படுக்கை கலைந்து கிடந்தது. மேஜையில் போன். சமையலறையில் யாருமில்லை. குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. சின்னவன் அதன் முன் நின்றான். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு, பதில் வராவிட்டால்?

பின்னால் சக்கர நாற்காலியிலிருந்து, பல்செட் ஆட, ஐயா முழு மூச்சோடு கத்தினார். "வால்?"

ஒன்றுமில்லை. குழாய் சொட்டும் ஓசை. பிறகு, உள்ளே, தரை மட்டத்திலிருந்து ஒரு கம்மிய குரல் வந்தது.

"வால் சரி." ஒரு செருமல். "சரியில்லடா! கதவை உடைங்கடா!"

சின்னவன் திரும்பினான். கட்டை விரல் தானாக எழுந்தது. "ஐயா, சொல்லிட்டார்! வால் சரின்னு சொல்லிட்டார்!"

ஐயாவின் முகம் இளகவில்லை. அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. அவன் விரலையே பார்த்தார். "நீ சொல்றியா, அவன் சொல்றானா?" என்றார்.

எத்தனை முறை சத்தியம் செய்தாலும் அது அவன் வாய்தான். நாற்காலியைத் தள்ளிக் கதவை ஒட்டி நிறுத்தினான். ஐயாவின் வலது கையை எடுத்து, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கதவுப் பலகையில் வைத்தான். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, "வால் ஐயா, கதவைத் தட்டுங்க. நீங்களே தட்டணும். பலமா" என்றான்.

"இந்த நிலைமையில வேலை வேற வாங்குறானுங்க" என்று உள்ளே முனகல் கேட்டது.

டக். டக். டக்.

பலகை அதிர்ந்தது. ஐயாவின் உள்ளங்கை அதிர்ந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. மறு கையால் ஒருமுறை தட்டினார். உள்ளிருந்து ஒருமுறை திரும்பி வந்தது. இரண்டு முறை தட்டினார், இரண்டு வந்தது. அவர் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எதிர்வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பார்த்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் வண்டியிலிருந்து ஸ்குரூடிரைவர் கொண்டு வந்து பூட்டைக் கழற்றினார். உள்ளே வால், இரண்டு துண்டுகளைப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஐயாவைவிட ஒரு வயது இளையவர், ஒல்லி, முன்பல் இரண்டு மட்டும் மிச்சம். காலை எட்டு மணிக்கு வழுக்கி விழுந்திருக்கிறார். கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

"எத்தனை தடவைடா போன் அடிப்பீங்க? ஏழு. எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் வால் சரி, வால் சரின்னு இங்கிருந்தே கத்தினேன். அதுக்கு மேல நான் என்ன பண்றது?"

சின்னவன் அதை ஐயாவின் காதில் சொன்னான்.

"சரியா இருக்கிறவன் எதுக்கு தரையில கிடக்கிறானாம்?" என்றார் ஐயா.

"காத்தோட்டமா இருந்ததுன்னு சொல்லு."

மறுபடி கூப்பிட்டதில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வாலைத் தூக்கியபோது சின்னவன் அவர் பக்கத்தில் போய், தான் செய்ததை ஒரே மூச்சில் சொன்னான். வால் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்காகச் சொன்னியா? என் குரல்லயா?"

"இல்லைங்க. என் குரல்லதான்."

"அப்போ பொழைச்சேன்" என்றார் வால். "இந்தத் தடவை மிமிக்ரி வராதவனாப் பார்த்து வேலைக்கு வெச்சிருக்கான்."

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன விரிசல்தான், கட்டுப் போட்டு ஆறு வாரம் என்றார் டாக்டர். ஐயாவின் மகள் கடையிலிருந்து நேரே ஓடி வந்தாள். வந்த வேகத்துக்குத் திட்டத்தான் வந்தாள். "தம்பி, உன்னை என்ன பண்றதுன்னே..." என்று தொடங்கியவள், அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அப்பா இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, காபி வாங்கப் போனாள். திட்டு பாக்கியிருக்கலாம். இருக்கட்டும். வாங்கிக்கொள்ள அவன் தயாராகத்தான் இருந்தான்; ஆச்சரியமாக, அதை நினைத்து நெஞ்சு படபடக்கவில்லை.

உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் மத்தியான வெயில் சதுரம் சதுரமாக விழுந்தது. ஐயா சக்கர நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். சின்னவன் தன்னையறியாமல் அவர் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏறியது, இறங்கியது. தூக்கம்தான். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. விரல்கள், எதன் மேலோ வைத்திருப்பதுபோல, விரிந்தே இருந்தன.

அவன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், காலையில் பாதியில் விட்ட வீட்டுச் சேதியை, அவர் எழுந்துவிடாதபடி மெல்லப் பேசி முடித்தான்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு அண்ணி வாராவாரம் எழுதுறாங்க. நம்பாம இல்ல. ஆனா இதை யார் முதல்ல படிக்கிறீங்களோ, தயவுசெஞ்சு போனை எடுத்துக்கிட்டு வீட்டுல ஒவ்வொருத்தர்கிட்டயும் போங்க. அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, தங்கச்சி. ஆளாளுக்கு 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை பேசி அனுப்புங்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்ல வேண்டாம்."